டபரா டம்ளர் ஏன் பிளாஸ்டிக் போலத் தெரிகிறது? நிஜம்போன்ற சிஜியும் அதற்குப் பின்னால் இருக்கும் சினிமா வரலாறும்

பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளைத் திறந்து ஒரு காபி டம்ளரை மாடல் செய்ய அரை மணி நேரம் போதும். ஒரு சிலிண்டர், வாய்ப்பக்கம் கொஞ்சம் அகலம், விளிம்பில் ஒரு மடிப்பு. மெட்டீரியலில் மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.1 என்று வைத்து, கணினியைப் படமாக்கச் சொல்லும் ரெண்டரைத் தட்டினால், வந்து நிற்பது எவர்சில்வராக இருக்காது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய் போலவோ கறுப்படித்த டப்பா போலவோ இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் உடனே மாடலைத் திருத்தப் போவார்கள், மாடலைக் கட்டும் சிறு தட்டைகளான பாலிகானைக் கூட்டுவார்கள், இணையத்தில் ஸ்டீல் டெக்ஸ்சர் தேடுவார்கள். தவறு அங்கே இல்லை. எவர்சில்வருக்குச் சொந்த நிறம் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது. சுற்றி இருப்பதைத் திருப்பிக் காட்டுவதுதான் அதன் தோற்றம். ஜன்னல், சமையல் மேடை, சுவர், டியூப்லைட், எதிரே நிற்பவரின் சட்டை என்று எதுவுமே இல்லாத வெற்று வெளியில் டம்ளரை வைத்தால் அது எதைத்தான் காட்டும்?

இந்த ஒரு டம்ளரை நிஜமாக்கத் தேவையான அறிவில் பாதி சாப்ட்வேரில் இருக்கிறது. மீதிப் பாதி சினிமா வரலாற்றில் இருக்கிறது. காரணம் எளிது. கணினியில் உருவாக்கிய ஒரு சிஜி காட்சியைப் பார்த்து ‘நிஜம் மாதிரியே இருக்கு’ என்று சொல்லும்போது நாம் அதை ஒப்பிடுவது நம் கண் நேரில் கண்டதோடு மட்டும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் திரையில் பார்த்துப் பழகிய கேமராப் படத்தோடும் ஒப்பிடுகிறோம். டைனோசரை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் 1993-இல் ஜுராசிக் பார்க் வந்தபோது உலகமே நம்பியது. கேமரா ஒரு டைனோசரைப் படம் பிடித்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அந்தப் படங்கள் அப்படி இருந்தன. அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் வருவது மொத்தம் சுமார் 15 நிமிடம்தான். அதிலும் கணினியில் செய்தது 6 நிமிடத்தை ஒட்டி. மற்றவை ஸ்டான் வின்ஸ்டன் குழு கட்டிய இயந்திர உருவங்கள். இரவு, மழை, ஈரத்தோலில் விழும் விளக்கொளி என்று ஒளிப்பதிவு செய்த உதவியும் அதில் பெரும் பங்கு.

ஆகவே சிஜி கற்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தப் பொருள் எப்படி இருக்கும்?’ என்பதைவிட, ‘இந்தப் பொருளை ஒரு கேமரா எப்படிப் பார்க்கும்?’ என்பதே.

நிலவொளியைச் சோதித்துப் பார்த்தால் இது புரியும். முழுநிலவின் ஒளி சூரிய ஒளியைவிட நாலு லட்சம் மடங்கு குறைவு. நிறத்தில் அது சூரிய ஒளியைவிடச் சற்றே மஞ்சள் பக்கம் சாய்ந்தது. இந்த எண்களை அப்படியே கணினியில் போட்டு, எக்ஸ்போஷரை (படம் வாங்கும் ஒளியின் அளவை) தூக்கி ரெண்டர் செய்தால், வருவது மங்கலான பகல் காட்சி போல இருக்கும். யாருக்கும் இரவென்று தோன்றாது. திரையில் நிலவு என்றால் லேசான நீலம், பின்பக்கத்திலிருந்து வரும் ஒளி, ஆழமான நிழல், மினுக்கும் தண்ணீர். இதையெல்லாம் பார்வையாளருக்குப் பழக்கியது சினிமா. வடபழனி வாகினி ஸ்டூடியோவில் உருவாகி 1957-இல் வெளிவந்த மாயாபஜாரில் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி பிடித்த நிலவொளிக் காட்சிகளைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைதான், நீலமே கிடையாது. ஒளி வரும் திசையும் நிழலின் ஆழமும் மட்டுமே அதை நிலவாக்குகின்றன. இரவுக் காட்சிக்கு லைட்டிங் செய்யப் போகும் மாணவர் ஒரு டுடோரியல் பார்ப்பதற்கு முன் அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு நாலு முறை பார்ப்பது நல்லது.

மரத்தடியில் ஒரு கேமரா

வெயில் நேரத்தில் புங்கை மரத்தடி நடைபாதையைக் குனிந்து பாருங்கள். இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் கோணல்மாணலாக இருந்தாலும் தரையில் விழும் ஒளிப்பொட்டுகள் வட்டவட்டமாக இருக்கும். அந்த ஒவ்வொரு வட்டமும் சூரியனின் பிம்பம். இலைச்சந்து ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. பகுதி சூரிய கிரகணத்தின்போது அத்தனை பொட்டும் பிறையாக மாறுவது இதனால்தான். கேமரா என்ற கருவியின் வரலாறு இந்தத் துளையில்தான் தொடங்குகிறது. சிஜியில் நிழல் பற்றிய முதல் பாடமும் இதுவே.

சூரியன் ஒரு புள்ளி கிடையாது. வானில் அதன் அகலம் ஏறத்தாழ 0.53 டிகிரி. இதனால் எந்த நிழலின் ஓரமும், நிழலைத் தரும் பொருள் தரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப மங்கும். ஒரு மீட்டருக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் என்பது கணக்கு. உங்கள் செருப்பின் நிழல் கத்தியால் வெட்டியது போல இருக்கும். தலையின் நிழல் ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கலங்கல் இருக்கும். 10 மீட்டர் உயரத் தென்னை ஓலையின் நிழல் 9 சென்டிமீட்டர் மங்கி, ஓலைக்கீற்றுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சிஜி காட்சியில் தென்னை ஓலையின் ஒவ்வொரு கீற்றும் தரையில் கூர்மையாக விழுந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் பொய் என்று மட்டும் தெரிந்துவிடும். பிளெண்டரில் சன் லைட்டின் ஆங்கிள் என்ற பெட்டியில் 0.53 இருக்கிறதா என்று பார்த்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ‘சாஃப்டாக இருக்கட்டும்’ என்று அதை 10 ஆக்குபவர்கள் உண்டு. அப்போது வெயிலின் கடுமை போய், சென்னை மதியம் மூடுபனி ஊர் போலாகிவிடும்.

சூரியனின் இடத்தையும் ஊரை வைத்தே தீர்மானிக்க வேண்டும். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே இருக்காது. சித்திரை வெயிலில் தி.நகர் தெருவைக் காட்டும் காட்சியில், பகல் 12 மணிக்கு ஆட்களின் நிழல் நீண்டு கிடந்தால் அது வேறு நாட்டு வெளிச்சம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஹெச்டிஆர்ஐ (இருட்டு முதல் கடும் வெளிச்சம் வரை முழு ஒளி அளவும் பதிந்த) வானப் படங்களில் பல ஐரோப்பாவில் எடுத்தவை. அவற்றில் சூரியன் தாழ்ந்து நிற்கும், வானம் நம் ஊரைவிட ஆழ்ந்த நீலமாக இருக்கும். நம் தெரு அந்நியமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரவுத் தெருவுக்கும் இதே கவனம் வேண்டும். 1990-களின் சென்னைத் தெரு என்றால் சோடியம் விளக்கின் ஆரஞ்சு மஞ்சள், நிற வெப்பநிலையில் சுமார் 2,000 கெல்வின். இன்றைய தெரு என்றால் எல்இடியின் வெள்ளை. சோடியம் வெளிச்சத்தில் நீலச் சட்டை கறுத்துப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

24 பிரேமும் அசைவின் கலங்கலும்

மௌனப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 பிரேமை (தனிப்படத்தை) ஒட்டி, கை போன போக்கில் வேகம் கூடும், குறையும். 1920-களின் இறுதியில் பேசும் படம் வந்ததும், ஒலி சீராகக் கேட்க வேண்டும் என்பதற்காக 24 பிரேம் என்று நிலைத்தது. கேமராவின் ஷட்டர் ஒரு சுழலும் அரைவட்டத் தட்டு. ஒரு பிரேமுக்கான நேரத்தில் பாதி திறந்திருக்கும், மீதிப் பாதியில் மூடியிருக்கும்போது பிலிம் நகரும். ஆகவே ஒவ்வொரு பிரேமும் ஒரு நொடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்குகிறது. இதைத்தான் 180 டிகிரி ஷட்டர் என்கிறோம்.

அந்தச் சிறு நேரத்துக்குள் நகரும் பொருள் இழுபட்டுப் பதியும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் கை, பிரேமில் 6 சென்டிமீட்டருக்கு மேல் கலங்கும். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் ஆட்டோ 21 சென்டிமீட்டர் இழுபடும். நூறு ஆண்டுகளாக இந்தக் கலங்கலைப் பார்த்துப் பார்த்து, அது இல்லாத அசைவு நமக்கு வெட்டி வெட்டித் தெரிகிறது. 1933-இல் வந்த கிங் காங்கில் வில்லிஸ் ஓப்ரையன் ஒரு பொம்மையைப் பிரேம் பிரேமாக நகர்த்தி உயிர் கொடுத்தார். அந்த நடிப்பு இன்றும் உள்ளத்தைத் தொடும். ஆனால் ஒவ்வொரு பிரேமிலும் பொம்மை அசையாமல் நின்று படம் பிடிக்கப்பட்டதால், கலங்கல் இல்லாமல் அசைவு நடுங்கும். 1981-இல் டிராகன்ஸ்லேயர் படத்துக்கு, ஷட்டர் திறந்திருக்கும்போதே பொம்மையை மோட்டாரால் நகர்த்தும் ‘கோ மோஷன்’ முறையைக் கையாண்டார்கள். 1984-இல் ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்ப்பென்டர் மூவரும், ஒளிக்கதிர்களை நேரத்திலும் லென்ஸ் பரப்பிலும் பிரித்தனுப்பி, அசைவுக் கலங்கலையும் ஃபோகஸ் மங்கலையும் கணினியிலேயே கணக்கிடும் வழியைக் காட்டினார்கள். கேமராவின் குறை என்று சொல்லக்கூடிய ஒன்றைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க இத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது அசைவுக் கலங்கலைத் தரும் மோஷன் ப்ளரை ஆன் செய்து ஷட்டரை 0.5 என்று வைப்பது மட்டுமே. தவறு வரும் இடம் சுழலும் பொருள்கள். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் சீலிங் ஃபேன், ஒரு பிரேமின் ஷட்டர் நேரத்துக்குள் 37 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். சில ப்ளர் முறைகள் தொடக்க நிலைக்கும் முடிவு நிலைக்கும் நடுவே நேர்கோடு போட்டுக் கணக்கிடும். அப்போது இறக்கையின் நுனி வளைவாக இழுபடாமல், நாண் போட்டது மாதிரி உள்ளே சுருங்கித் தெரியும். மோஷன் ஸ்டெப்ஸ் என்ற எண்ணைக் கூட்டினால் வளைவு திரும்ப வரும்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. 75 சென்டிமீட்டர் உயர மேஜையிலிருந்து டம்ளர் தரையைத் தொட 0.39 நொடி, அதாவது 24 பிரேம் கணக்கில் 9 பிரேம் சொச்சம். கற்பவர்கள் இதற்கு 20 பிரேம் கொடுத்துவிட்டு, டம்ளர் ஏன் மிதக்கிறது என்று கேட்பார்கள். உருவம் பெரிதாகப் பெரிதாக வீழ்ச்சி மெதுவாகத் தெரியும் என்பதை மினியேச்சர் கலைஞர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 16-இல் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைக் கட்டடம் இடிந்து விழுவதை, 16-இன் வர்க்கமூலமான 4 மடங்கு வேகத்தில், நொடிக்கு 96 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால்தான் எடை தெரியும். தண்ணீரும் நெருப்பும் மட்டும் இந்தக் கணக்குக்கு முழுதாக வசப்படாது. துளியின் அளவைச் சுருக்க முடியாதே. சிஜியில் இதே விதி வேறு வேடத்தில் வரும். மெரினா அலையை 2 மீட்டர் பெட்டிக்குள் சிமுலேட் செய்தால், அது வாளித்தண்ணீர் போலத் துள்ளும். மாடலை நிஜ அளவில் கட்டுவதே மருந்து: பிளெண்டரில் 1 யூனிட் என்பது 1 மீட்டர்.

ஃபோகஸ் மங்கலிலும் அளவு காட்டிக்கொடுக்கும். முழுப் பிரேம் சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 2.8, 60 சென்டிமீட்டர் தூரம் என்றால் கூர்மையாக இருப்பது சுமார் 2 சென்டிமீட்டர் ஆழம்தான். டம்ளருக்கு இது அழகு. அதே மங்கலைச் சென்ட்ரல் ஸ்டேஷன் கட்டடத்துக்குப் போட்டால் கட்டடம் கொலு பொம்மையாகிவிடும்.

தெர்மாகோல் சொல்லும் பாடம்

எழுபதுகளில் கணினிக்குத் தெரிந்த ஒளி மிக எளியது. ஒரு விளக்கு, ஒரு பரப்பு, இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம். 1975-இல் புய் துவாங் ஃபாங் பளபளப்புப் பொட்டைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். அதே ஆண்டில் மார்ட்டின் நியூவெல் உருவாக்கிய தேநீர்க் கெண்டி மாடல் இன்றுவரை சோதனைப் பொருளாக இருக்கிறது. ஃபாங் முறையில் பெரும்பாலும் எதைச் செய்தாலும் வெள்ளைப் பொட்டோடு பிளாஸ்டிக் போல வரும். 1995-இல் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படம் பொம்மைகளைப் பற்றியதாக இருந்தது, கருவியின் பலத்தை அறிந்து கதை தேர்ந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1980-இல் டர்னர் விட்டட் கண்ணாடியையும் பிரதிபலிப்பையும் கதிர்களைப் பின்தொடர்ந்து வரைந்தார். 1986-இல் ஜேம்ஸ் கஜியா எழுதிய ரெண்டரிங் சமன்பாடுதான் இன்றைய ரெண்டரர்களின் அடித்தளம். சமன்பாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோடம்பாக்கத்தில் எந்தப் படப்பிடிப்புக்குப் போனாலும் ஒரு லைட்மேன் வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்பி, நடிகரின் முகத்தில் இருண்ட பக்கத்தை மென்மையாக நிரப்பும். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பரப்பும் இப்படி ஒரு தெர்மாகோல்தான், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒளியைக் கொடுக்கிறது என்பதே அந்தச் சமன்பாட்டின் பொருள். சிவப்பு ஆக்சைடு போட்ட பழைய வீட்டுத் தரையில் வெயில் விழும்போது, வெள்ளைச் சுவரின் அடிப்பகுதி லேசாகச் சிவக்கும். அந்தச் சிவப்பை நீங்கள் பூச வேண்டியதில்லை. தரை சரியாக இருந்தால், ஒளியின் பாதையைப் பின்தொடர்ந்து கணக்கிடும் பாத் டிரேசர் தானே கொண்டுவரும்.

‘தரை சரியாக இருந்தால்’ என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எந்த வெள்ளையும் 100 சதவீதம் ஒளியைத் திருப்பாது. நல்ல வெள்ளைப் பெயின்ட் சுமார் 80 சதவீதம். கரி 4 சதவீதத்தை ஒட்டி. பொருளின் அடிநிறமான பேஸ் கலரில் 1.0 வெள்ளையைப் போட்டால் அறை முழுக்க ஒளி அடங்காமல் துள்ளி, நிழல்கள் வெளுத்துப்போகும். 0 கறுப்பைப் போட்டால் ஓட்டை விழுந்தது போல இருக்கும். 0.03-க்கும் 0.8-க்கும் நடுவே நில்லுங்கள்.

இரண்டாவது, எல்லாப் பரப்பும் சாய்வாகப் பார்த்தால் அதிகம் பிரதிபலிக்கும். மழை நின்ற அண்ணா சாலையில் காலடியில் உள்ள தண்ணீர் கறுப்பாகவும், தூரத்துத் தண்ணீர் பேருந்தின் விளக்கை முழுசாகவும் காட்டுவது இதனால்தான். நேராகப் பார்த்தால் தண்ணீர் 2 சதவீத ஒளியையே திருப்பும். கண்ணாடி, பிளாஸ்டிக், வார்னிஷ் எல்லாம் 4 சதவீதத்தை ஒட்டி. சாய்வு கூடக் கூட இது 100-ஐ நெருங்கும். ஒளிவிலகல் எண்ணைக் கேட்கும் ஐஓஆர் பெட்டியில் தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்கு 1.5 என்று வைத்தால் இந்தக் கணக்கை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். நனைந்த தார் ரோட்டுக்கு ரஃப்னஸைக் குறைப்பதோடு, பேஸ் கலரையும் இருட்டாக்க வேண்டும். ஈரம் ஊறிய பரப்பு கறுக்கும். மெட்டாலிக் என்பது 0 அல்லது 1 மட்டுமே. ‘கொஞ்சம் உலோகம்’ என்று 0.5 வைத்தால் உலகத்தில் இல்லாத ஒரு பொருள் கிடைக்கும். பெயின்ட் உரிந்த கேட் வேண்டுமென்றால், எங்கே பெயின்ட், எங்கே இரும்பு என்று மாஸ்க் வரைந்து பிரியுங்கள்.

தோல் தனிக் கதை. ஒளி தோலுக்குள் நுழைந்து, உள்ளே சிதறி, வேறு இடத்தில் வெளியே வருகிறது. டார்ச்சை விரலுக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பாகத் தெரிவது அதுவே. இதை வேகமாகக் கணக்கிடும் வழி 2001-இல் ஹென்ரிக் ஜென்சன் குழுவிடமிருந்து வந்தது. அதன் பிறகே சிஜி முகங்களில் மெழுகுத்தன்மை குறைந்தது. அதற்காக முகத்தில் தொடங்காதீர்கள். மனிதச் சாயல் நெருங்க நெருங்க, ஒரு கட்டத்தில் அச்சமும் அருவருப்பும் எழுகின்றன என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இலேயே எழுதினார். முகத்தில் இமை ஒரு பிரேம் தப்பினாலும் தெரிந்துவிடும். டம்ளர் மன்னிக்கும்.

மாஸ்க் ஷாட்டிலிருந்து ஆல்ஃபா வரை

சிஜி டம்ளரை நிஜ மேஜையின் வீடியோவில் வைக்கும் வேலைக்குக் கம்பாசிட்டிங் என்று பெயர். இதன் தாத்தா மாஸ்க் ஷாட். 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த உத்தம புத்திரனில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். தமிழில் அதுவே முதல் இரட்டை வேடம். இத்தகைய ஷாட்டுக்கு, லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுத்து, பிலிமை அதே இடத்துக்குப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து அடுத்த வேடத்தை எடுப்பது வழக்கமான முறை. கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுக்கோடு தெரிந்துவிடும். 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிய ஆல்ஃபா கணக்கில், மறைப்புத் தகடு ஒவ்வொரு பிக்சலுக்குமான எண்ணாக இருக்கிறது. 0 என்றால் ஊடுருவித் தெரியும், 1 என்றால் முழுக்க மறைக்கும், நடுவே இருப்பது கலப்பு. டம்ளரைச் சுற்றிக் கறுப்புக் கோடு வந்தால், ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கிய படத்தை மென்பொருள் மறுபடியும் பெருக்குகிறது என்று அர்த்தம். ப்ரீமல்டிப்ளை தேர்வைச் சரிபாருங்கள்.

1994-இல் வந்த காதலனின் முக்காலா பாட்டில் தலையும் கைகளும் மறைந்து உடை மட்டும் ஆடும். இந்த மாதிரி ஷாட் எடுக்க ஆள் இல்லாத வெற்றுப் பின்னணியையும் தனியே படம்பிடிக்க வேண்டும். அதைக் க்ளீன் ப்ளேட் என்பார்கள். கழுத்து இருந்த இடத்தில் காலரின் உள்பக்கம் தெரிய வேண்டும் என்பதுதான் உண்மையான சவால். கேமரா பார்க்காததை உருவாக்கித்தான் ஆக வேண்டும்.

மறுபடியும் டம்ளர்

இப்போது செய்முறை. ஜன்னலுக்குப் பக்கத்தில், கிரானைட் மேடைமேல் நிஜ டம்ளர் ஒன்றை வைத்து ஒரு படம் எடுங்கள். டம்ளரை அகற்றிவிட்டு, கேமராவை அசைக்காமல் வெற்று மேடையை எடுங்கள், இதுதான் ப்ளேட். லென்ஸின் ஃபோகல் லெங்த், சென்சார் அளவு, மேடையிலிருந்து கேமராவின் உயரம், டம்ளர் வரை உள்ள தூரம் நாலையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த நாலு எண் இல்லாமல் பின்னால் கண்ணளவில் பொருத்த முயல்பவர்கள் ஒரு நாளையே இழக்கிறார்கள்.

அடுத்து, டம்ளர் இருந்த இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் ஒரு பந்தையோ 360 கேமராவையோ வைத்து அறையைப் பதிவு செய்யுங்கள். எஃப் எண், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) 7 படம். சேர்த்தால் ஹெச்டிஆர்ஐ. கையில் எதுவும் இல்லை என்றால், புதுக் குழிக்கரண்டியின் முதுகைப் படமெடுங்கள். லைட்டிங்குக்கு அது போதாது. ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம், டியூப்லைட் எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடும். நேர் வெயில் விழும் அறை என்றால், சூரியனின் பிரகாசம் இந்த 7 படத்திலும் அடங்காது. அதைப் படத்திலிருந்து நீக்கிவிட்டுத் தனி சன் லைட்டாகப் போடுங்கள்.

மாடலில் தடிமனைக் கொடுங்கள். தகடு அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். விளிம்பின் மடிப்பு சுமார் 2 மில்லிமீட்டர் உருண்டை. அந்த உருண்டையில் ஓடும் மெல்லிய வெள்ளைக்கோடுதான் எவர்சில்வரின் கையெழுத்து. கணினி தரும் கூர்முனையில் அந்தக் கோடு பிடிக்க இடமே இல்லை. பேஸ் கலர் 0.6 சாம்பல். ரஃப்னஸை ஒரே எண்ணாக விடாமல், 0.08 முதல் 0.3 வரை இடத்துக்கு இடம் மாறும் எண்ணைச் சொல்லும் படமான மேப் போடுங்கள். வெளிப்பக்க நடுவில் விரல் பட்ட மங்கல், அடியில் தேய்மானம், ஸ்க்ரப்பர் கீறல். டம்ளரின் உள்ளடியைக் கவனித்தால், ஒளி விசிறி மாதிரி இரு பக்கமும் விரிந்து, டம்ளரைத் திருப்பினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். வட்டவட்டமான நுண்கீறல்கள் செய்யும் வேலை அது. பளபளப்பை ஒரு திசையில் இழுக்கும் அனிசோட்ரோபிக் மதிப்பை ஏற்றி, கீறலின் திசையைச் சொல்லும் டேன்ஜென்ட்டை மையத்தைச் சுற்றி அமைத்தால் அந்த விசிறி வரும். ரஃப்னஸ், நார்மல் (பரப்பின் மேடு பள்ளம்) மேப்களுக்கு நிற அமைப்பை நான்-கலர் என்று மாற்ற மறக்கக்கூடாது. மறந்தால் 0.5 என்று எழுதியது 0.21 என்று படிக்கப்படும். டம்ளர் காரணமில்லாமல் அளவுக்கு மீறிப் பளபளக்கும்.

மேடைக்குப் பதிலாக ஒரு தளத்தை வைத்து, தான் தெரியாமல் நிழலை வாங்கிக்கொள்ளும் ஷேடோ கேட்சர் ஆக்குங்கள். டம்ளர் அதில் 1 மில்லிமீட்டர் மிதந்தாலும் அடியில் ஒளி கசியும். கிரானைட்டில் டம்ளரின் பிரதிபலிப்பும் விழ வேண்டும். நிழலை மட்டும் போட்டு இதை விட்டுவிடுவது மிக அடிக்கடி நடக்கும் பிழை.

ரெண்டரில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வந்தால், ஒரு பிக்சலுக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கையான சாம்பிளைக் கூட்டலாம். ஆனால் நாய்ஸ் பாதியாகக் குறைய சாம்பிள் 4 மடங்காக வேண்டும், 128-இலிருந்து 512. அதற்குமேல் நாய்ஸைத் துடைக்கும் டீநாய்சரை நம்புவது நேரத்துக்கு நல்லது. ஒளியின் அளவைத் திரை நிறமாக மாற்றும் டிஸ்ப்ளே அமைப்பில் ஏஜிஎக்ஸ் அல்லது ஃபில்மிக் இருக்கட்டும். பிலிம் ஒருபோதும் வெளிச்சத்தைச் சட்டென்று வெட்டாது. வளைந்து மெதுவாக வெள்ளைக்குப் போகும். இந்த இரண்டும் அந்த வளைவைப் பின்பற்றுபவை. ஸ்டாண்டர்டு என்று விட்டால் ஜன்னலின் பிரதிபலிப்பு காகிதம் ஒட்டியது போல அப்பட்டமான வெள்ளையாகிவிடும். ப்ளேட்டைச் சேர்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். கேமராப் படத்தில் ஏற்கெனவே ஒரு வளைவு இருப்பதால், அதன்மேல் இன்னொன்று ஏறினால் நிறம் சப்பென்று ஆகும். ப்ளேட்டை ராவாக (கேமரா மெருகேற்றாத மூலப்பதிவாக) எடுத்து, வளைவில்லாத லீனியருக்கு மாற்றி, இரண்டையும் சேர்த்த பிறகு ஒரே முறை வளைவைப் போடுவதே சரியான வரிசை.

கடைசியாக, கணினி தந்த சுத்தத்தைக் கொஞ்சம் கெடுக்க வேண்டும். ப்ளேட்டை 200 சதவீதம் பெரிதாக்கி, அதன் நாய்ஸ் எந்த அளவு, நீலச் சானலில் எவ்வளவு கூடுதல் என்று பார்த்து, அதே அளவை டம்ளருக்கும் சேருங்கள். ப்ளேட்டின் கூர்மை எவ்வளவோ அவ்வளவுதான் டம்ளருக்கும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரு பிக்சலுக்கும் குறைவான மங்கல் போதும். முதலில் எடுத்த நிஜ டம்ளரின் படத்தையும் உங்கள் படத்தையும் ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றித் தட்டுங்கள். பிறகு இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கித் தட்டுங்கள். பிறகு எக்ஸ்போஷரை 4 ஸ்டாப் ஏற்றியும் இறக்கியும் தட்டுங்கள். நிழலின் அடர்த்தி பிசகியிருந்தால் கறுப்பு வெள்ளையில் தெரியும். கறுப்பின் அளவு பிசகியிருந்தால் ஏற்றும்போது தெரியும்.

அசையும் ஷாட் என்றால் 10 நொடிக்கு 240 பிரேம். பிரேமுக்கு 5 நிமிடம் என்றால் 20 மணி நேரம். எம்பி4 ஆக ரெண்டர் போடாதீர்கள். நடுவே கரன்ட் போனால் கோப்பு திறக்காமலே போகலாம். ஒவ்வொரு பிரேமும் தனிக் கோப்பாகும் 16 பிட் ஈஎக்ஸ்ஆர் படவரிசையாகப் போட்டால், 173-ஆவது பிரேமில் நின்றாலும் அங்கிருந்தே தொடரலாம். முழு ரெண்டருக்கு முன்னால் ஒவ்வொரு 20-ஆவது பிரேமையும் மட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டம்ளரில் கேமராவே பிரதிபலிக்க வேண்டிய இடத்தில் வெற்று வெளி தெரிகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.